ஒரு ரிங் குறைகிறது

"எதுக்குக் கண்ண மூடிக்கிட்டுத் தடவுறீங்க? இஞ்சினுக்கு நாடி பாக்குறீங்களா?"

"ஷ்ஷ். ஒரு சுத்து முடிக்க விடு."

"முடிஞ்சுதா? அப்படி என்ன தேடுறீங்க?"

"வெரல்ல எங்கயும் எதுவும் தட்டக்கூடாது. பழைய ஆயில் ஃபில்டர கழட்டுறப்ப அதோட ரப்பர் ரிங் சில சமயம் இங்கயே ஒட்டிக்கும். கருப்பு மேல கருப்பு, கண்ணுக்குத் தெரியாது மேடம். வெரலுக்குத்தான் தெரியும். அது மேலயே புதுச வச்சு முறுக்கிட்டோம்னு வை, ஆயில் ஒழுகும், கத முடிஞ்சுது."

"நானும் தொட்டுப் பாக்கட்டுமா?"

"பட்டம் வாங்கின கை. அதுல போய் கரியப் பூசுவேனா? நீ போய் கவுன்டர்ல உக்காரு, போ."

கல்யாணமான மூன்றாவது வாரம் எங்களுக்குள் நடந்த பேச்சு இது. அவர் டிகிரி முடிக்காதவர், நான் முடித்தவள். அதனால் அன்றைக்கே எனக்கு 'மேடம்' என்று பெயர் விழுந்தது. இருபத்துநாலு வருஷமாக அது மாறவில்லை. நான் உட்கார்ந்த இடமும் மாறவில்லை. முன்னால் கவுன்டர், போன், உதிரிபாகங்கள் அடுக்கிய அலமாரி. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு கார் நிற்கிற கொட்டகை, நடுவில் ஆள் இறங்கி வேலை செய்யும் குழி. அது அவருடைய ராஜ்யம். நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னல் வழியாக நான் அவர் முதுகைப் பார்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்திருக்கிறேன்.

அந்தப் பழைய பேச்சு ஒரு வியாழக்கிழமை காலையில் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அன்றைக்கு எங்கள் மகள் ஊரை விட்டுக் கிளம்பினாள். மலைமேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வாலு என்றால்தான் வீட்டில் அவள் திரும்பிப் பார்ப்பாள். பேருக்கு ஏற்ற மாதிரி, பெட்டிகளைத் தன் மஞ்சள் டீசல் காரில் அடைத்துவிட்டு, ஹாரனை மூன்று தடவை அலறவிட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். வழியில் தோழி வீட்டில் இறங்கி, அவளிடம் இருக்கிற புத்தகங்களை வாங்கிக்கொண்டு மலையேறுவதாகத் திட்டம்.

"போன் எங்க?" என்றார் அவள் அப்பா.

"பின்சீட்டு பையில. ஓட்டுறப்ப தொடமாட்டேன். போதுமா? சத்தியம் பண்ணணுமா?"

"பண்ணு."

"அம்மா மேல சத்தியம்."

"ஏண்டி, உங்களுக்குள்ள பேரம்னா என் தலையா?" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். கார் தெருமுனை திரும்பிய பிறகு, அது இரவு முழுக்க நின்றிருந்த இடத்தில் ஒரு கருப்புப் பொட்டைப் பார்த்தேன். கொட்டகைக்கு முன்னால் கருப்புப் பொட்டு இல்லாத இடம் எது? நான் உள்ளே போய்விட்டேன்.

கால் மணி கழித்து மருந்துக்கடைக்காரர் வந்தார். பத்து நாளில் இரண்டாவது முறை.

"மேடம், நல்ல சேதி. என் வீட்டு வாசல்ல எண்ணெய்க் கெணறு கண்டுபிடிச்சிருக்கேன். பாதி உங்களுக்கு எழுதி வச்சுடறேன்."

"மறுபடியும் ஒழுகுதா சார்?"

"ஒழுகுதாவா? காலையில என் வீட்டுக்காரி அதுல கால வச்சு, நேரா பக்கத்து வீட்டு வாசல்ல போய் நின்னா. அவ்வளவு வேகமா அவ எங்கயும் போனதே இல்ல."

அவர் சிரித்தாலும் கண் சிரிக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம். நாலு நாளில் ஒழுகியது. அந்தப் புது ஃபில்டரைக் கழற்றி இன்னொன்று போட்டோம். அதுவும் ஒழுகுகிறது.

என் வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "ஃபில்டர் சரியில்ல சார். வெளிக்கம்பெனி சரக்கு. மேடம் செலக்ஷன்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனாலும் சுருக்கென்றது. கார் கம்பெனியின் ஒரிஜினல் ஃபில்டர் வந்து சேர மூன்று வாரம் ஆகிறது என்று, ஆறு மாதத்துக்கு முன் வெளிக்கம்பெனிக்கு மாற்றியது நான்தான். சாம்பிள் வந்த அன்றைக்கே அவர் அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்து, "ரிங் பள்ளத்துல பிடிப்பில்லாம கெடக்கே மேடம்" என்றார். "முறுக்கினா பிடிச்சுக்கும்" என்றேன் நான். ஏதோ நானே இருபது வருஷம் முறுக்கினவள் மாதிரி.

மருந்துக்கடைக்காரர் வண்டியை விட்டுவிட்டு நடந்தே கடைக்குப் போனார். இவர் குழியில் இறங்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றினார். எண்ணெய் வடியவிட்டார். விரலால் ஒரு சுற்றுத் தடவினார். புது ஃபில்டரை ஏற்றினார். அப்புறம் கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது.

சங்கிலி ஸ்பேனர். கழற்றுவதற்கு மட்டும் எடுக்கிற கருவி அது. ஃபில்டரைக் கையால்தான் முறுக்க வேண்டும், ரப்பர் தொட்டதும் முக்கால் சுற்று, அதற்கு மேல் போனால் ரப்பர் நசுங்கும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் எடுப்பவர், இன்றைக்குச் சங்கிலி போட்டு முறுக்குகிறார். ரப்பர் தொட்டது கைக்குத் தெரியவில்லையா?

அந்த எண்ணத்தை அப்படியே ஒதுக்கினேன். எனக்கு வேறு கோபம் இருந்தது. என் செலக்ஷன் சரியில்லை என்றால் அதையும் பார்த்துவிடலாம், கெட்டுப்போன ஃபில்டர்களைப் பொறுக்கி எடுத்து அந்தக் கம்பெனி சேல்ஸ்மேன் மூஞ்சியில் காட்டலாம் என்று கொட்டகையின் பின்பக்கம் போனேன்.

அங்கே ஒரு இரும்புப் பீப்பாய் உண்டு. வாயில் கம்பிவலை. கழற்றிய பழைய ஃபில்டர்களை அதன்மேல் கவிழ்த்து வைத்து, மிச்ச எண்ணெயை வடியவிடுவோம். ஒவ்வொன்றின் தலையிலும் எந்த வண்டி என்று வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதுவது அவர் வழக்கம். "பழச மாத்தவே இல்ல" என்று யாராவது வம்புக்கு வந்தால் எடுத்துக் காட்டலாம் இல்லையா.

மருந்துக்கடைக்காரர் வண்டியின் நம்பரைத் தேடி எடுத்தேன். இரண்டு வாரத்துக்கு முன் முதலில் கழற்றியது. ஆறு மாதம் ஓடியது. திருப்பினேன். விளிம்பில் ரிங் உட்காரும் பள்ளம் வட்டமாக, சுத்தமாக, காலியாக இருந்தது.

கீழே விழுந்திருக்கும் என்று வலையில் தேடினேன். இல்லை. பீப்பாய்க்குள் டார்ச் அடித்தேன். இல்லை. அடுத்த ஃபில்டரைத் திருப்பினேன். ரிங் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. போன வாரம் 'லேசா சொட்டுதுங்க' என்று போன் செய்த வேன்காரருடைய ஃபில்டரில் இல்லை.

அப்போதுதான் இருபத்துநாலு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பேச்சு காதில் கேட்டது. கருப்பு மேல கருப்பு.

ஒரிஜினல் ஃபில்டரின் ரிங் பள்ளத்தில் இறுக்கமாகப் பதிந்திருக்கும். கழற்றும்போது கூடவே வந்துவிடும். நான் வாங்கிய சரக்கில் ரிங் சும்மா கிடந்தது. சூட்டில் அது இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, ஃபில்டர் மட்டும் தனியாக வந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு முன் போட்டவற்றை இப்போதுதான் முதன்முறையாகக் கழற்றுகிறோம். ரிங் தங்கியது என் தப்பு. ஆனால் தங்கிய ரிங்கை அவர் விரல் கண்டுபிடித்திருக்க வேண்டுமே?

வலையின் ஓரத்தில் கடைசியாக ஒன்று கவிழ்ந்திருந்தது. அதன் தலையில் நம்பர் இல்லை. அவருடைய கோணல் எழுத்தில் 'வாலு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வால் வேறு வரைந்திருந்தார். முந்தாநாள் மாற்றியது.

அதைத் திருப்ப எனக்கு மனமில்லை. திருப்பினேன்.

பள்ளம் காலி.

அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினேன். அவர் குழியில் இல்லை; பக்கத்து காரின் அடியில் சக்கரம் வைத்த பலகையில் படுத்திருந்தார். ஒரு கை மட்டும் வெளியே நீண்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தது. அந்தக் கையை நின்று பார்த்தேன். ஸ்பேனர் அவர் சுண்டுவிரலுக்குக் கீழேயே கிடந்தது. விரல் அதன்மேல் ஏறி இறங்கி, தாண்டிப் போய்த் தேடியது.

நான் குனிந்து, வாலுவின் ஃபில்டரை அந்தக் கையில் வைத்தேன்.

"என்னது மேடம்?"

"இதுல ரிங் இருக்கா பாருங்க."

கட்டைவிரல் விளிம்பைத் தேடிப் பிடித்தது. ஆள்காட்டி விரல் வெறும் பள்ளத்தில் மெதுவாக ஒரு சுற்று முழுக்கச் சுற்றி வந்தது.

"இருக்கே. ஏன்?"

 

"வெளிய வந்து கண்ணால பாருங்க" என்றேன்.

பலகையை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஃபில்டரைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். பிறகு ஃபில்டரைத் திருப்பி, தலையில் எழுதியிருந்ததைப் படித்தார். ஒரு மனிதர் முகத்தில் ரத்தம் வற்றிப்போவதை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

"அவளுக்குப் போன் போடு" என்றார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்சீட்டுப் பையில். என் தலையில் அடித்த சத்தியம். மறுபடி போட்டேன், மறுபடி. பிறகு தோழிக்குப் போட்டேன்.

"இப்பத்தான் கெளம்பினா ஆன்ட்டி. பத்து நிமிஷம் இருக்கும். ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும், அவ வண்டி நின்ன எடத்துல ஒரு தட்டு அளவுக்கு எண்ணெய் கெடக்கு. அது அவளோடதா?"

வேன்காரரை அழைத்து "இன்னிக்கு வண்டிய எடுக்காதீங்க, ஸ்டார்ட்டே பண்ணாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு டப்பா ஆயில், கருவிப்பெட்டி, அலமாரி மூலையில் கிடந்த ஒரே ஒரு ஒரிஜினல் ஃபில்டர், எல்லாவற்றையும் எங்கள் பழைய வேனில் போட்டிருந்தார். சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

இத்தனை வருஷத்தில், தான் இருக்கும்போது என்னை ஓட்டவிட்டவர் இல்லை. நான் ஓட்டினால் கியர்பாக்ஸ் அழுவது அவருக்கு மட்டும் கேட்குமாம். அந்தச் சாவியை வாங்கும்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் சிக்னலில், நாங்கள் நின்ற இடத்துக்கு முன்னால், உள்ளங்கை அளவு பளபளப்பு. யாருடையதாகவும் இருக்கலாம். அடுத்த சிக்னலில் இன்னும் பெரியது. ஊர் எல்லை தாண்டி ரோடு நேராக ஓட ஆரம்பித்ததும், சாம்பல் தாரில் பொட்டுப் பொட்டாக ஒரு வரிசை தெரிந்தது.

"சமதளத்துல தாங்கும்" என்றார், என்னிடம் சொல்வது போலவும் தனக்குச் சொல்வது போலவும். "மேடு ஏறுறப்ப இஞ்சின் முக்கும். ஆயில் அழுத்தம் ஏறும். ரெண்டு ரிங்கும் ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி வெளிய பிதுங்கிடும். அப்புறம் சொட்டு இல்ல. குழாயத் தொறந்த மாதிரி."

ஃபில்டருக்கு ஒரு சாண் தள்ளிப் பழுக்கச் சூடான புகைக்குழாய் போகிறது, எண்ணெய் பட்டால் பற்றிக்கொள்ளும் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

மலை ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்குப் பின்னால் வெறும் வெளிச்சம். நான் இரண்டாவது கியரில் வேனை விரட்டினேன். கியர்பாக்ஸ் அழுதது. அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

"போன மழைக்கு முன்னாடியிருந்து. வெரல் நுனி மட்டுந்தான். பஞ்சு சுத்தின மாதிரி."

"எட்டு மாசம்."

"ம்."

எட்டு மாதத்தில் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டதெல்லாம் வளைவுக்கு வளைவு வந்து நின்றது. சட்டைக் கைப் பட்டனைப் போடாமல் மடித்துவிட ஆரம்பித்தது. சாவி கீழே விழும்போதெல்லாம் "சாவிக்கு என் மேல கோவம்" என்று சிரித்தது. ஆவி பறக்கிற டீ கிளாஸை அப்படியே பிடித்துக் குடித்தது. நான் "என்ன கை, இரும்பா?" என்று கேலி செய்தது. ஒரிஜினல் ஃபில்டர்கள் இருந்தவரை அந்த விரலுக்குச் சோதனை வரவில்லை. சோதனையைக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்கியவள் நான்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எத்தனையோ நாள் மத்தியானம் கவுன்டர் பக்கம் வந்து நிற்பார். "மேடம், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." நான் போனில் யாரிடமாவது பேசிக்கொண்டே புருவத்தை உயர்த்துவேன். "ஒண்ணுமில்ல. தண்ணி குடு." தண்ணீரைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அவர் கேட்க வந்தது தண்ணீர் இல்லை என்று இந்த மலையில் வந்துதான் எனக்கு உறைக்கிறது.

"வேகமா" என்றார்.

ரோட்டில் பொட்டுகள் கோடாகியிருந்தன. கோடு ஒரு முழ அகலத்துக்கு விரிந்தது. அடுத்த வளைவில் அது நேராகப் போகாமல் இடது பக்கம், அந்த முழங்கால் சுவரைப் பார்த்து வளைந்தது. கூடவே சக்கரம் வழுக்கிய இரண்டு நீளமான தடங்கள். புகை வாசனை எங்கள் ஜன்னலுக்குள் வந்துவிட்டது.

நான் கண்ணை மூடவில்லை. மூடியிருந்தால் ஓட்ட முடியாது, அதனால்தான்.

மஞ்சள் கார் குறுக்கே திரும்பி, முன் பம்பர் சுவரைத் தொட்டபடி நின்றிருந்தது. பானெட் இடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை சுருள் சுருளாக வந்துகொண்டிருந்தது. டிரைவர் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.

"வாலு!" என்று அவர் கத்திய சத்தம் பாறையில் பட்டுத் திரும்பியது.

"இங்க இருக்கேன். கத்தாதீங்க, மலை இடிஞ்சுடப் போகுது."

இருபது அடி மேலே, பாறைப் பக்கத்தில், ஒரு மைல்கல்மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் புத்தகக் கட்டு. முகம் வெளுத்திருந்தது, வாய் மட்டும் வழக்கம் போல.

"டேஷ்போர்டுல ஆயில் லைட் செவப்பா எரிஞ்சுது. எரிஞ்சா ஒரு நொடி கூட ஓட்டாதன்னு நீங்கதானே சொல்லிச் சொல்லி என் காதுல ஓட்டை போட்டீங்க. ஆஃப் பண்ணிட்டுப் பிரேக்க மிதிச்சா, பின்னாடி சக்கரம் என் எண்ணெயிலயே டான்ஸ் ஆடுது. செவுரு இல்லன்னா..." அப்பா பக்கம் திரும்பினாள். "யாருப்பா இந்த வண்டிக்கு சர்வீஸ் பண்ணது? அந்த ஆள என்கிட்ட காட்டுங்க."

"நான்தான்மா" என்றார்.

அவர் குரலைக் கேட்டு அவள் விளையாட்டை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

புகை அடங்க அரை மணி ஆனது. ரோட்டில் எண்ணெய்மேல் மண் அள்ளிப் போட்டோம். மேலே இருந்து இறங்கிய ஒரு லாரி, மண்ணின்மேல் ஏறும்போது லேசாகச் சறுக்கி, நிமிர்ந்து போனது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். இரண்டாவது முறை பார்க்கவில்லை.

அவர் பானெட்டைத் திறந்தார். இந்த வண்டியில் ஃபில்டர் முன்பக்கம், மேலிருந்து கை நுழைகிற இடத்தில் இருக்கிறது. எல்லாம் எண்ணெயில் குளித்திருந்தது. புகைக்குழாயின் மேல் கருகிப் படிந்திருந்தது. சங்கிலியைப் போட்டு ஃபில்டரைத் தளர்த்தி எடுத்தார். அதன் ரிங் பாதி பிதுங்கி நாக்கு மாதிரி தொங்கியது. துணியால் இஞ்சின் முகத்தைத் துடைத்தார். நான் டார்ச் பிடித்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது வாரத்தில் பார்த்த அதே முகம். கொஞ்சம் நரை மட்டும் கூட. ஆள்காட்டி விரல் உள்ளே போய் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. டார்ச் வெளிச்சத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது: பழைய ரிங் அங்கேயே இருந்தது. ஒரு பக்கம் புழு மாதிரி எழும்பி நின்றது. அவர் விரல் அந்த மேட்டின்மேல் ஏறியது, இறங்கியது, நிற்காமல் போனது.

சுற்று முடிந்தது. கண்ணைத் திறந்து இஞ்சினைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாள் அவசரப்பட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பியது போதும் என்று, டார்ச்சை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கையை வெளியே எடுத்தார். துணியால் துடைத்தார். விரல் விரலாக, எல்லாவற்றையும் துடைத்தார். பிறகு அந்தத் துணியை மடித்து என் பக்கம் நீட்டினார்.

"மேடம்," என்றார். "ரொம்ப நாளா கேக்கணும்னு... இந்த எடத்த நீ தொட்டுப் பாத்துச் சொல்றியா? இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே வர்ற ஒவ்வொரு வண்டிக்கும்."